அறுபத்தெட்டு டிகிரி

வனேடியம் ஆக்சைடு வில்லை அறுபத்தெட்டு டிகிரிக்குக் கீழே மின்சாரம் கடத்தாது. எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நிற்கும். அதற்குமேல் சூடேறினால் எல்லாம் சேர்ந்து ஓடும். மன்னார்குடிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியர் ரெத்தினம் அதைத்தான் அளந்துகொண்டிருந்தார். சூடு ஆறாமலிருக்க வில்லையை உமிச்சாம்பலில் புதைத்திருந்தார். சாம்பல் அவர் அம்மா கண்ணாத்தாள் ஊரிலிருந்து கொடுத்தனுப்பியது.

எழுபத்தொன்றாம் வருஷம், தை மாதம். ஊரில் கூலித் தகராறு. அறுப்பு ஆட்கள் பதினோரு நாளாக வரப்பைவிட்டு வயலில் இறங்கவில்லை. கண்ணாத்தாளும் அங்கேதான் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு மீட்டர் முள் கடைசிவரை போனது.

“ஹீட்டரே போடலீங்க சார்,” என்றார் அட்டெண்டர் யூனுஸ்.

தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டியது. ரெத்தினம் ஒயரைக் கழற்றி மாட்டினார். சுற்றிலும் ஐஸ் வைத்தார். முள் இறங்கவில்லை.

டீ குடிக்கப் போன யூனுஸ் வேகமாகத் திரும்பினார். “உங்க ஊர்ல வெளியூர் ஆளுங்கள வச்சு அறுக்கவிடாம பதினொன்னே முக்காலுக்கு எல்லாரும் வயல்ல எறங்கிட்டாங்களாம் சார். போலீஸ் லாரி போயிருக்கு.”

“மொதல்ல எறங்குனது யாராம்?”

“யாருக்குமே தெரியலீங்களாம். நீங்க போகலீங்களா?”

“முள்ளு இன்னும் மேலயே நிக்குதே,” என்றார் ரெத்தினம்.

மூன்று பத்துக்கு முள் பூஜ்யத்தில் விழுந்தது.

“டெம்பரேச்சர் எழுதவா சார்?” என்று யூனுஸ் திரும்பியபோது, ரெத்தினத்தின் சைக்கிள் ஊரை நோக்கிக் கல்லூரி வாசலைத் தாண்டியிருந்தது.