வட்ட மேசையில் ஒரு கேள்வி

ஆனர்ஸ் வகுப்பில் பெஞ்சு கிடையாது. வட்ட மேசையும் சுழல் நாற்காலிகளும்தான். ஏசி குளிரில் பேராசிரியரின் சென்ட் வாடை கனமாக மிதக்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியே சுருங்கி விழும் வெயிலில், மேசை நடுவே வைத்த க்ரீம் பிஸ்கட் தட்டு பளபளக்கிறது. சாதாரண வகுப்பிலிருந்து இன்றுதான் இங்கே மாறி வந்தவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே, கடகடக்கும் மின்விசிறிக்கு அடியில், தலை நிமிராமல் நோட்ஸ் ஒப்பித்துவிட்டுப் போகும் அதே வாயில் இங்கே தேன் ஒழுகுகிறது. "விலை ஏறினா வாங்குறது குறையும். யாருக்காவது சந்தேகம் இருக்காப்பா? தாராளமா கேளுங்க." அவள் கை தூக்குகிறாள். "மருந்து விலை ஏறினா நோயாளி கம்மியாவா சார் வாங்குவாரு?" போன வாரம் அந்த வகுப்பில் அவள் கேட்ட இதே கேள்விக்கு, "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று எரிந்து விழுந்தவர், இப்போது சொக்கிப்போய்க் கண்ணை மூடித் திறக்கிறார். "அடடா! என்ன ஒரு கேள்வி!" மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடுகின்றன. பக்கத்தில் இருப்பவன் அதை அவசரமாக எழுதிக்கொள்கிறான். பேராசிரியர் விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிவிட்டு, அதே விரலால் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார்.

"எடுத்துக்கோம்மா. இத்தனை நாளா எங்க இருந்த நீ?"

அவள் தட்டைத் திருப்பித் தள்ளுகிறாள்.

"உங்க கிளாஸ்லதான் சார். கடைசி பெஞ்ச்."