மயங்கி விழும் வேலை

சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் வந்து நின்ற நேரம். ஏறக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே நாறும்பூநாதன் கண் செருகி, அப்படியே தரையில் சாய்ந்தான்.

“யாத்தே, பிள்ளை விழுந்துட்டானே!” ஒரு அம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவந்து, தன் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள். இன்னொருவர் பேப்பரால் விசிறினார். பெட்டிக்கடை முத்துமாலை சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் பின்னால் மறைந்து நின்ற பேராசிரியர் குமரகுருபரன் தலையில் அடித்துக்கொண்டார்.

கல்லூரியில் அவர் சைக்காலஜி நடத்துகிறவர். கூட்டம் பெருகினால், ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று எல்லோரும் சும்மா நின்றுவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அதை நிரூபித்து அடுத்த வாரம் மெட்ராஸ் கருத்தரங்கில் வாசிக்க வேண்டும். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கும் நாறும்பூநாதன்தான் ஆராய்ச்சி உதவியாளன். விழுவது அவன் வேலை. மேல்படிப்புக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் டவுனில் விழுந்தாலும், ஜங்ஷனில் விழுந்தாலும் ஜனங்கள் சும்மா நிற்பதாக இல்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போய் ஊசியும் போட வைத்துவிட்டார்கள்.

முகத்தில் சோடா தெளிக்கக் குனிந்த முத்துமாலை சட்டென்று நிமிர்ந்தார். “ஏலே, நேத்து பாளை மார்க்கெட்ல விழுந்தவன்லா நீ? நானும்லா ஒரு கை பிடிச்சுத் தூக்குனேன்!”

நாறும்பூநாதன் ஒரு கண்ணைத் திறந்தான். சாவிக்கொத்தோடு எழுந்து உட்கார்ந்தான்.

“அடிச்சிராதீய அண்ணாச்சி. காலேஜ் ஆராய்ச்சி. ஜனங்க உதவிக்கு வாராங்களான்னு பாக்கோம். அங்கன நிக்காருல்லா, அவருதான் எங்க சாரு.”

மொத்தக் கூட்டமும் பூத்தை வளைத்தது. “பஸ்ஸை விட்டுட்டு ஓடி வந்தேனே, ஒளிஞ்சு நின்னு வேடிக்கையா பாக்கீய?” என்று அந்த அம்மாள் கத்தினாள்.

“இல்லம்மா... அது வந்து...” பேராசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். நெஞ்சைத் தடவினார். மறு நிமிஷம் வேப்பமர நிழலில் மல்லாந்து கிடந்தார்.

நாறும்பூநாதன் பதறி ஓடினான். “சாருக்கு பி.பி. உண்டு! யாராச்சும் வந்து பிடிங்களேன்!”

ஒருவரும் அசையவில்லை.

“இது அடுத்த ஆராய்ச்சி வே. யாரும் கிட்டப் போவாதீய” என்ற முத்துமாலை, மிச்ச சோடாவைத் தானே குடித்தார். அந்த அம்மாள் சாவிக்கொத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நெசமாவே விழுந்துட்டாரு அண்ணாச்சி!”

“நேத்து நீயும் நெசமாத்தானலே விழுந்த?”

நாறும்பூநாதனுக்கு அழுகை முட்டியது. தன் வாயால்தான் மனுஷன் உயிர் போகப் போகிறது என்று பயந்து, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். “சார்... சார்...” என்று கன்னத்தைத் தட்டினான்.

பேராசிரியரின் உதடு மட்டும் மெல்ல அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

“தள்ளிப் போலே... இப்பத்தான் ஒருத்தரும் வரல!”