பழகாத கை

ஒரு கடை அலமாரியில் இரண்டு ரிமோட் கார்கள் இருந்தன. ஒன்று பேட்டரியில் ஓடுவது, மற்றது நைட்ரோ எரிபொருளில் உறுமுவது. யாராவது தன்னை வாங்கிப் போகமாட்டார்களா என்று பேட்டரிக் காருக்கு ஒரே ஏக்கம்.

"சத்தமே இல்லாத பயலே, உன்னை எவன்டா எடுப்பான்?" என்று சிரித்தது நைட்ரோ.

புதிதாக ரிமோட் கார் ஓட்டிப் பழக வந்த ஒருவர், உறுமலில் மயங்கி நைட்ரோவையே வாங்கினார். முதலில் மெதுவாக ஓட்டி இன்ஜினைப் பழக்கணும் என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை. எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் கொடுத்தார். சாயங்காலமே இன்ஜின் இறுகிப்போய்த் திரும்பி வந்தது நைட்ரோ.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றது பேட்டரிக் கார்.

"என்னை விடுடா. நீ அவன் கையில மாட்டிக்காதே."

அதற்குள் அந்தக் கை பேட்டரிக் காரைத் தூக்கிவிட்டது.

"இதையாவது முழு வேகத்துல ஓட்டலாம்ல?" என்று கடைக்காரரிடம் கேட்டார் அவர்.