ஏழாம் பாகத்தின் முடிவு

"படிக்காம வந்தவங்க இப்பவே எழுந்து போயிடலாம். அப்புறம் மாட்டிக்கிட்டா, எட்டு வருஷமா கூட உட்கார்ந்து டீ குடிச்சவங்கன்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்றார் நூலகர்.

மருந்துக்கடைக்காரர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆனாலும் அவர் எழவில்லை.

எப்படி எழுவார்? 'மும்மலை மகுடம்' என்னும் மாபெரும் கற்பனைக் காவியத்தின் ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை இந்த நூலகத்துக்கு வருகிறார். அவருக்கு எதிரே அமர்ந்து உண்ண, வாசகர் வட்டத்தில் ஒருவருக்கு மட்டுமே நாற்காலி. ஏழாம் பாகத்தின் முடிவைப் பற்றி எவர் சிறப்பாகக் கருத்துரைக்கிறாரோ, அவருக்கே அது. முதல் ஆறு பாகங்களை ஒன்பது முறை படித்தவர், அவற்றிலுள்ள வரைபடத்தின் ஆறுகளைத் தூக்கத்திலும் ஒப்பிப்பவர், அந்த நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பாரா?

இடையில் ஒரே ஒரு தடைதான். ஏழாம் பாகத்தில் ஓர் எழுத்தையும் அவர் படித்திருக்கவில்லை.

புத்தகம் இன்னும் கடைகளுக்கு வரவில்லை. பதிப்பகம் முன்கூட்டியே அனுப்பிய ஒற்றைப் பிரதி, ஒரு துணிப்பைக்குள் இருந்தபடி வீடு வீடாகச் சுற்றியது. ஆளுக்கு ஐந்து நாள். அவருடைய முறை வந்தபோது ஊரெங்கும் காய்ச்சல். கடையில் கால் கடுக்க நின்றே ஐந்து நாளும் கழிந்தன. பையின் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"முதல்ல யார் பேசறீங்க?"

"அத்தானே ஆரம்பிக்கட்டும். பெரியவர் இருக்கும்போது நான் எப்படி?" என்றார் பஸ் டிரைவர். அவர் மருந்துக்கடைக்காரரின் மனைவிக்குத் தம்பி. அத்தானை ஒரு வாக்கியத்தையும் முடிக்கவிடாத அந்த வாய்க்கு இத்தனை பணிவு எங்கிருந்து வந்ததோ.

மருந்துக்கடைக்காரர் செருமிக்கொண்டார். "பொதுவாச் சொன்னா, முடிவு ரொம்பக் கனமா இருக்கு."

"எடை போட்டுப் பார்த்தீங்களா?" என்றார் நூலகர், பேனாவைத் திறந்தபடி.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? "அந்த ஒற்றைக்கண் இளவரசி செத்துப்போறதை என்னால தாங்க முடியல" என்று குருட்டாம்போக்கில் ஒரு கல்லை எறிந்தார்.

இளவரசி உயிரோடிருந்தால் மானம் கப்பலேறிவிடும்.

பல் டாக்டரம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும்தான். மறுநாள் ஒருத்தருக்குப் பல் பிடுங்கவே கை வரல."

மாங்காய் விழுந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாவு சரிதான். ஆனா அவளைக் கொன்னது யாருங்கறதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார் டிரைவர்.

"யாரு மாப்ளே, நீயே சொல்லேன்."

"உங்க வாயால கேட்கணும் அத்தான்."

"கூடப்பிறந்த அண்ணனே அப்படிச் செய்யலாமா?" என்று டாக்டரம்மா இடைபுகுந்தார்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் டிரைவர் அவசரமாக. "நாலாம் பாகத்துல அவன் ஆப்பிள் வெட்டற விதத்தைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்."

"அண்ணனைக் குறை சொல்லாதே. அவளேதானே கேட்டுக்கிட்டா?" மருந்துக்கடைக்காரருக்கு இப்போது அருள் வந்துவிட்டது. "அவ உயிரோட இருக்கறவரைக்கும் மூணு மலையும் வழிவிடாது. அதனால தங்கச்சி கழுத்தை நீட்டறா, அண்ணன் கண்ணை மூடிக்கறான். இத்தனை பேர் இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்ட அந்த மகுடத்தைக் கடைசியில யார் எடுக்கறா? ஒரு ஆட்டுக்காரி. எடுத்து என்ன பண்றா? காத்துல கதவு அடிச்சுக்காம இருக்க முட்டுக் கொடுக்கறா."

"அந்த இடத்துலதான் நான் புத்தகத்தை மூடி வச்சுட்டு அழுதேன்" என்றார் டாக்டரம்மா.

"நான் மூடவே இல்ல. ரெண்டு தடவை படிச்சேன்" என்றார் டிரைவர். "ஒரே குறை, விருந்துக் காட்சியை ரொம்ப இழுத்துட்டார்."

"அவர் எந்தப் பாகத்துல இழுக்கல?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

நூலகர் அனைத்தையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். "சரி, நாற்காலி யாருக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் மருந்துக்கடைக்காரரைச் சுட்டினார்கள். அதிலும் டிரைவர் இரண்டு கையாலும் சுட்டினார். மைத்துனரின் பெருந்தன்மையைக் கண்டு அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனாலும் அவர் காரியத்தில் கண்ணானவர்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பிரதியை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துக்கறேனே சார். ஆசிரியர் ஏதாவது நுணுக்கமாக் கேட்டா?"

"தரலாம். ஆனா பதிப்பகத்துல அதைத் திருப்பிக் கேக்கறாங்க. கடைக் கண்ணாடிக்குப் பின்னால அழகுக்கு வைக்கச் செஞ்ச மாதிரியாம். ஆள் மாறி நமக்கு அனுப்பிட்டாங்க. உள்ளே எழுநூறு பக்கமும் வெள்ளைத் தாளாமே."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நூலகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மருந்துக்கடைக்காரரின் தோளைத் தட்டினார். "நீங்க கவலைப்படாதீங்க. பாவம், ஆசிரியர் மூணு வருஷமா முடிவு தோணாம உட்கார்ந்திருக்காராம். அதைப் படிச்சே முடிச்சவங்க இங்க இருக்காங்கன்னு காலையில போன்ல சொன்னேன், ஞாயித்துக்கிழமை நோட்டும் பேனாவுமா வந்து எழுதிக்கறேன்னுட்டார்."