ஆறேகால்

அருள்குமாரின் கம்ப்யூட்டர் சூட்டைத் தணிப்பது ஒரு கண்ணாடித் தொட்டியில் ஓடும் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூடானால் விசிறி இரையும், ஆறினால் அடங்கும். அப்படித்தான் சென்சார் பொருத்தியிருந்தான்.

மார்கழியில் அவன் மனைவி நந்திதா சாயங்காலம் ஆறேகாலுக்கு ஸ்கூட்டர் ஓட்டி வீடு வந்ததும், "ஏனுங்க, வெரலெல்லாம் வெறைச்சுப்போச்சுங்க" என்று அந்தக் கண்ணாடித் தொட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள். தண்ணீர் இரண்டு டிகிரி இறங்கும்.

அவள் இறந்தபிறகு இது முதல் மார்கழி. தினமும் ஆறேகாலுக்கு இரண்டு டிகிரி இறங்குகிறது.

"சென்சார் போயிருக்குமுங்க" என்று கடைக்கார ரசாக் புதுசு மாட்டினார். மறுநாளும் இறங்கியது.

"வேற மாத்திப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க."

இப்போதெல்லாம் ஐந்தரைக்கே கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, தண்ணீரை நன்றாகச் சூடேற்றி வைக்கிறான். நேற்று ஆறேகாலுக்கு அடங்கிய விசிறி எட்டு மணி வரைக்கும் இரையவேயில்லை.