பெட்டி நனையக் கூடாது

"சீக்கிரம் போகச் சொல்லுங்கய்யா. இருட்டறதுக்குள்ள போயாகணும்."

"ஏன்டா, வெட்டுப்பட்டவன் எந்திரிச்சு ஓடிடுவானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

படகோட்டி சிரித்தார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். கைவிலங்கு போட்டிருந்தவன் மட்டும் ஆற்றின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை ஸ்டேஷனுக்கு வந்து, "மச்சினனை வெட்டிட்டேன், பிடிச்சுக்கோங்க" என்று கையை நீட்டியவன் அவன். மேலாற்றுக்காரன். சின்னத் தோணியில் விடாமல் துடுப்புப் போட்டு வந்ததில் உள்ளங்கை இரண்டும் உரிந்து கிடந்தன. ஒளிந்துகொள்ள இத்தனை காடு இருந்தும் நேரே போலீஸிடம் வந்து நிற்கிற கொலைகாரனை இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

அந்த மாவட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு ராஜ்யம் மாதிரி விரிந்து கிடக்கும். உள்ளே போனால் காடு, சதுப்பு, ஆறு, மறுபடியும் காடு. அரை நாள் படகில் போனால் ஏதோ ஒரு திருப்பத்தில் நாலு குடிசை. ஆளே இல்லாத இடத்துக்கு ரோடு எதற்கு என்று மேலிடம் கேட்டதாம். ரோடே இல்லாத இடத்துக்கு ஆள் எப்படி வருவான் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மொத்தத்துக்கும் ஒரு பெரிய அதிகாரி, ஒரு டாக்டர், ஒரே ஒரு மோட்டார் படகு.

"இந்தப் படகு கடைசியா எப்பய்யா மேலாத்துக்கு வந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"எலெக்‌ஷனுக்கு வந்தது சார். எலெக்‌ஷன், பெரியவர் விசிட், கொலை. இதுக்குத்தான் ஆபீஸ்ல டீசல் தருவாங்க. மத்தபடி என் மாமனாரே வந்து நின்னாலும் சாவி கிடைக்காது," என்றார் படகோட்டி.

"பொணத்தைக் கீழ கொண்டு வந்திருக்கலாம். என்னை ஏன் சார் இழுத்தடிக்கறீங்க?"

"இந்தப் புழுக்கத்துலயா? வந்து சேர்றதுக்குள்ள ஊதிப்போயிடும். நீங்க அங்கேயே பார்த்து எழுதிக் குடுத்துட்டா என் வேலை முடிஞ்சது," என்றார் இன்ஸ்பெக்டர்.

சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. விலங்குக்காரன் டாக்டரின் மரப்பெட்டியை இழுத்து மடியில் வைத்து, தோளில் கிடந்த துண்டால் மூடி, அதன்மேல் குனிந்துகொண்டான்.

"நனைஞ்சா நனையட்டும், விடுய்யா."

"வேணாங்கய்யா. பெட்டி நனையக் கூடாது."

"சரி, பத்திரமா வச்சுக்கோ. மாவட்டத்துக்கே அது ஒண்ணுதான்."

அவன் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

"எதுக்குடா வெட்டினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கோவந்தான்யா."

"வீட்ல யாரு இருக்கா?"

"சம்சாரம். மாசமா இருக்கா."

"அடப்பாவி! அவ கூடப்பொறந்தவனையே வெட்டிட்டியே, இனிமே அவ மூஞ்சில எப்படி முழிப்பே? புள்ளை பொறக்கறப்ப நீ உள்ள இருப்பே, தெரியுமா?"

"அவ நல்லா இருந்தா போதும்யா. என்னைத் தூக்குல போட்டாலும் சரி. கொஞ்சம் வேகமா போகச் சொல்லுங்க."

கல்லுளிமங்கன் என்று நினைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். இப்போது மனசு கேட்கவில்லை. ஒரு கை விலங்கைக் கழற்றிவிட்டார். அவனோ விடுபட்ட கையையும் பெட்டியின் மேல்தான் வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் திருப்பம் வந்தது. கரையில் காத்திருந்த ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடி வந்து படகைப் பிடித்தான்.

"உசிரு இருக்கு மச்சான்! இன்னும் இருக்கு! டாக்டர் வந்துட்டாரா?"

"யாருடா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க செத்துப்போனவன்."

இன்ஸ்பெக்டர் கையை ஓங்கிவிட்டார். அதற்குள் குடிசைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. கத்திக் கத்தி ஓய்ந்துபோன ஒரு பெண்ணின் குரல்.

விலங்குக்காரன் டாக்டரின் காலில் விழுந்தான்.

"யாரையும் வெட்டலைய்யா! ரெண்டு நாளா வலியில துடிக்கிறா. புள்ளை குறுக்க கிடக்குதாம். காலைல மொதல்ல ஆபீஸுக்குத்தான்யா போனேன். நோயாளிக்கெல்லாம் படகு கிடையாது, கொலை விழுந்தாத்தான் போகும்னாங்க. கொலைன்னா டாக்டரும் கூட வருவாருன்னாங்க. அதான்... பொய் சொன்னதுக்கு என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளைக் காப்பாத்திக் குடுங்கய்யா!"

ஓங்கிய கை தானாக இறங்கியது. "நிக்காதீங்க டாக்டர், ஓடுங்க!" என்று கத்தியவர் இன்ஸ்பெக்டர்தான்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். மனைவியின் பக்கத்தில் அதை இறக்கி வைத்து, "டாக்டர் வந்துட்டாரு புள்ள. மருந்தெல்லாம் வந்துடுச்சு" என்று அவள் காதில் சொன்னான். அவள் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள்.

டாக்டர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பெட்டிப் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

"திறங்கய்யா," என்றான் அவன்.

"கொலைன்னுதானேய்யா சொன்னே..." என்றார் டாக்டர்.

ஒன்றும் புரியாமல் அவனே கொக்கியை நீக்கி மூடியைத் திறந்தான். ஒரு பொட்டு ஈரம்கூடப் படாத அந்தப் பெட்டிக்குள் ரம்பமும், உளியும், சுத்தியலும், அறுத்த பிணத்தைத் தைக்கிற கோணி ஊசியும்தான் இருந்தன.