கன்னத்துப் பொத்தான்

மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தம்பியின் சக்கர நாற்காலி மேல் விழுகிறது. கன்னத்தருகே பொருத்தியிருக்கும் பொத்தானை அவன் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருக்கிறான். பேச வராத அவனுக்கு அந்தப் பொத்தானும் கம்ப்யூட்டரும்தான் வாய். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் இயக்கும் கெர்னலைக் காலையில் அக்கா அவனைக் கேட்காமலே அப்டேட் செய்துவிட்டாள். புதிய கெர்னல் பொத்தானை வெறும் மவுஸ் என்று எடுத்துக்கொண்டு தப்பான டிரைவரை, அதாவது கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் நிரலை, ஏற்றி வைத்திருக்கிறது; அவன் இடிப்பது எதுவும் பேச்சாக மாறவில்லை. "இருடா, உயிரை வாங்காத!" என்று கத்தியபடி அவள் அந்த டிரைவரைக் கழற்றப் பார்க்கிறாள். பயன்பாட்டில் இருக்கிறது, கழற்ற முடியாது என்கிறது திரை. "எவன் பயன்படுத்துறான் இப்ப?" என்று மேசையில் குத்துகிறாள். அவன் தட்டுவதைக் குரலாக்கும் பேச்சு மென்பொருள்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மூடியதும் டிரைவர் சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது. சரியானதை ஏற்றுகிறாள். பொத்தானில் பச்சை விளக்கு எரிகிறது. மென்பொருளைத் திறந்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி அவன் முகத்தைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கன்னத்தால் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறான். ஏற்ற இறக்கமே இல்லாத குரல் ஸ்பீக்கரில் கேட்கிறது. "யாரைக் கேட்டு என் வாய்ல கை வச்ச?" அவள் பதில் சொல்வதற்குள், சத்தத்தைக் கூட்டி வைத்து அதையே மறுபடியும் சொல்ல வைக்கிறான்.